காணாமல் போய்க்கொண்டிருந்த ஏழாம் பத்தி

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மீன்காரம்மா இப்பத்தான் கரைக்கு வந்தது என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் கூடையில் கை வைக்க மாட்டேன். அடுப்பை அணைத்தாயா என்று கேட்டு, அணைத்தேன் என்று பதில் வந்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்.

இந்தக் குணத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு சம்பவம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டிய பெயர்ப் பட்டியலை மூன்று நாள் உட்கார்ந்து அடித்து வைத்திருந்தேன். ஒரு வாத்தியார் வந்தார். அவருக்கு ஒன்பதாம் வகுப்புப் பட்டியல் வேண்டும். என் ஃபைலைத் திறந்தார், என் பிள்ளைகளின் பெயர்களை அழித்தார், அவருடைய பிள்ளைகளின் பெயர்களை அடித்தார், அதே பெயரில் சேமித்தார், மூடினார், டீ குடிக்கப் போய்விட்டார். மறுநாள் திட்டு வாங்கியது நான். வாத்தியாரைக் கேட்டால், கன்ட்ரோல் இசட் போட்டால் திரும்பி வந்துவிடுமே என்கிறார். எங்கிருந்து வரும்? ஃபைலை மூடிய உடனேயே அந்தக் கன்ட்ரோல் இசட்டின் ஞாபகமெல்லாம் போய்விடும் என்று அவருக்கு யார் சொல்வது? எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பியதில்லை. ஒவ்வொரு ஃபைலின் பெயரிலும் தேதி இருக்கும், நேரம் இருக்கும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று என் பென் டிரைவில், ஒன்று இமெயிலில். மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது யார் எதை மாற்றினாலும் சிவப்புக் கோட்டில் தெரிகிற மாதிரி வைத்துத்தான் கொடுப்பேன். மற்றவர்கள் பைனல், பைனல் இரண்டு, ஒரிஜினல் பைனல், இதுதான் பைனல் என்று பெயர் வைத்துக்கொண்டு எது எதுவென்று தெரியாமல் முழிப்பார்கள். நான் ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இருந்த மாதிரியே எடுத்துக் கொடுப்பேன். தலைமையாசிரியர் இதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருக்களில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் செய்துகொண்டு மனைவி வீட்டுக்குப் போவான். மருமகன்தான் வருவான். நாங்கள் இருக்கிற வீடு உம்மாவுக்கு அவள் உம்மா கொடுத்தது. வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருஷமாகிறது. நான் ஒரே பெண், எனக்குக் கீழே ஒரே தம்பி. அக்காவான என்னை லாத்தா என்பான். தம்பி துபாயில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் இருக்கிறான். லீவில் வந்தால் அவன் மனைவி வீட்டில் தங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு ஓடி வருவான்.

போன வருஷம் உம்மா திடீரென்று, வீட்டை என் பெயருக்கும், மாரியூர்ப் பக்கம் வாப்பா வாங்கிப் போட்ட தென்னந்தோப்பைத் தம்பி பெயருக்கும் எழுதிவிடலாம் என்றாள். தம்பி ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வரும்போது ஒரே நாளில் பதிவை முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ராமநாதபுரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் கேட்டேன். குடும்பத்தில் எல்லோரும் பேசி ஒத்துக்கொண்டதை உங்கள் வார்த்தையில் எழுதிக் கொண்டு வாருங்கள், நான் அதைப் பத்திர பாஷைக்கு மாற்றித் தருகிறேன் என்றார். நான் உட்கார்ந்து ஏழு பத்தியில் ஒரு வரைவு அடித்தேன். கிணறு யாருக்கு, பின்வாசல் சந்து யாருக்கு, தோப்பின் வடக்கு எல்லை எது, எல்லாம் வந்துவிட்டது.

முதலில் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் திருத்தி அனுப்பினான். ஃபைலின் பெயர் 'வீடு பைனல்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைத் திருத்தினான் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. என் ஃபைலையும் அவன் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், கிணறு கிழக்கே என்று நான் எழுதியதை வடகிழக்கே என்று மாற்றியிருக்கிறான். அவ்வளவுதான். அது சரிதான், கிணறு வடகிழக்கில்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டாமா?

இப்படி ஃபைல் போக்குவரத்து வைத்துக்கொண்டால் ஒருநாள் சண்டையில்தான் முடியும் என்று, அந்த வரைவை இன்டர்நெட்டில் ஏற்றினேன். இருவரும் ஒரே தாளில் எழுதுகிற வகை. யார் எந்த எழுத்தைத் தொட்டாலும் யார், எப்போது, எதை என்று தனித்தனி நிறத்தில் அதன் ஹிஸ்டரியில் நிற்கும். பழைய நிலைக்குத் திரும்பவும் கொண்டு போகலாம். எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. தம்பி ஏதாவது குறிப்பு எழுதினால் என் போனில் மணி அடித்து அவன் பெயர் வரும். நான் என் இமெயில் ஐடியில் எழுதினேன், அவன் அவனுடையதில் எழுதினான். என் ஐடியை ரொம்ப வருஷத்துக்கு முன்னால் உண்டாக்கிக் கொடுத்ததே தம்பிதான், எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து. பாஸ்வேர்டு வைத்ததும் அவனே.

ஒரு வாரம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு நாள் தம்பி புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்தான். நான் ஏழாவதாக வைத்திருந்தது எட்டாவதாகத் தள்ளிப்போய், புதிய ஏழாம் பத்தி வந்து உட்கார்ந்தது.

'மேற்படி வீட்டில் எங்கள் தாயார் தமது ஆயுட்காலம் முழுவதும் எவ்வித இடையூறும் இன்றி வசித்து வரலாம் என்றும், அவரை அவ்வீட்டை விட்டு வெளியேற்ற எவருக்கும் உரிமை இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறோம்.'

படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. எவருக்கும் என்றால் யார்? வீடு என் பெயருக்கு வருகிறது. அதில் இருக்கப் போவது நானும் என் வீட்டுக்காரரும். அப்படியென்றால் அந்த எவரும் நாங்கள்தானே? என் வீட்டுக்காரர் படகு இன்ஜினுக்கு ஸ்பேர் விற்கிற கடை வைத்திருக்கிறார். எப்போதோ ஒருமுறை, தெருப்பக்கத்து அறையைக் கொஞ்சம் இடித்துக் கட்டினால் கடையை இங்கேயே கொண்டு வந்துவிடலாம் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்த அறையில்தான் உம்மா படுக்கிறாள். தம்பி அதைக் கேட்டு மனசில் வைத்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது.

போன் போட்டேன். "லாத்தா, இது எல்லாப் பத்திரத்துலயும் எழுதுறதுதான். சும்மா ஒரு சேஃப்டிக்கு" என்றான். எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது, காட்டு என்றேன். பேச்சை மாற்றினான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னால், பார்த்தாயா, உம்மாவைத் துரத்தத்தான் எடுக்கச் சொல்கிறாள் என்று ஆகிவிடும். இருக்கட்டும், எனக்கென்ன, மடியில் கனமில்லை என்று விட்டுவிட்டேன். தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள் நான். அவன் எனக்கு இந்த வரி எழுதுகிறான்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் தாளைத் திறந்தேன். ஏழாம் பத்தியைக் காணோம்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. தம்பிக்கே வெட்கமாகி எடுத்துவிட்டான் என்று நினைத்தேன். ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். திங்கள் காலை பதினொன்று இருபது. அழித்தது யார் என்ற இடத்தில் என் பெயர், எனக்குரிய பச்சை நிறம்.

பதினொன்று இருபதுக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். படிப்புச் சான்றிதழ் வாங்க வந்த தாய்மார்கள் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். போனைக் கையால் தொடக்கூட நேரமில்லை. அவசர அவசரமாக அந்தப் பத்தியைப் பழைய நிலையிலிருந்து மீட்டுத் திரும்ப வைத்தேன். அதற்குள் தம்பி பார்த்துவிட்டான். திரையைப் படம் பிடித்து, என் பெயரைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தான். கீழே நாலே வார்த்தை. "என்ன லாத்தா இது? சொல்லக்கூடாதா?"

நான் செய்யவில்லை என்றேன். ஹிஸ்டரியில் உன் பெயர் இருக்கிறதே என்றான். அந்த ஹிஸ்டரியை நம்பித்தான் இந்தத் தாளையே உண்டாக்கினேன், இப்போது அதுவே என்னைக் காட்டிக்கொடுக்கிறது. எனக்கு நாக்கு நிற்கவில்லை. "என் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தது யாரு? நீதானே?" என்று கேட்டுவிட்டேன். "நானே எழுதிட்டு நானே உன் பேர்ல அழிப்பேனா? என்னை அப்படியா நினைக்கிறே?" என்றான். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். என்னை மாட்டிவிட வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி எது? அவனுக்கு அங்கே அப்போது காலை பத்து மணி ஆகப்போகிற நேரம், டீ குடிக்க விடுகிற நேரம். அதையும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அதோடு எங்கள் பேச்சு நின்றது. வீட்டுக்கு அவன் போன் பண்ணினால் உம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுவான். என்னைக் கேட்க மாட்டான். வியாழக்கிழமை உம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தம்பிக்குப் பெருநாளுக்கு லீவு கிடைப்பது கஷ்டமாம் என்றாள். லீவு கிடைக்காதது கம்பெனியால் இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவன் வரவுக்காக உம்மா காத்திருக்கிறாள். அவனுக்குப் பிடிக்கும் என்று கணவாய்க் கருவாட்டைப் பாம்பனில் இருந்து வாங்கிவரச் சொல்லி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். இவன் என் மேல் உள்ள கோபத்தில் வராமல் இருந்துவிட்டால், பத்திரம் கிடக்கட்டும், உம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பது? அவன் மனசில் லாத்தா ஒரு திருடி என்று பதிந்துவிட்டால் பிறகு எந்தப் பெருநாளுக்கு அதைப் பேசி எடுப்பது?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வழக்கமான விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன், பத்தியும் இருந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் மறுபடி காணோம். மறுபடி என் பெயர், பச்சை நிறம். மீட்டு வைத்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றாவது முறை. நான் விடுவேனா? ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்தேன். 'ஏழு இருக்கிறது, செவ்வாய் மாலை'. 'ஏழு இருக்கிறது, புதன் காலை'. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை திறந்து பார்த்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்ட்ரோல் இசட் இதில் ஒன்றுக்கும் உதவாது. அது நான் கடைசியாகச் செய்ததைத்தான் திரும்ப எடுக்கும், அடுத்தவர் செய்ததைத் தொடாது. இதில் அடுத்தவரும் நான்தான் என்று அது சொல்கிறது, நான் இல்லை என்று நான் சொல்கிறேன். யாரிடம் போய்ச் சொல்ல?

புதன்கிழமைதான் மூளை வேலை செய்தது. என் ஐடி எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று பார்க்க ஒரு இடம் உண்டு. போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர், அது சரி. என் போன், அதுவும் சரி. அதே மாடலில் இன்னொரு போன். இடம், தமிழ்நாடு.

தம்பி இல்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. துபாயில் இருப்பவன் தமிழ்நாட்டில் போனைத் திறக்க முடியாது. அவனிடம் உடனே பேசி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. என் புத்தி அடுத்த ஆளுக்குப் போனது. தம்பி ஒரு லீவில் வரும்போது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே மாடல் போன் வாங்கி வந்திருந்தான். எனக்கு, உம்மாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு. உம்மா தம்பியோடு பேசுவதற்கும் மார்க்கப் பயான் கேட்பதற்கும் தவிர அதைத் தொட மாட்டாள் என்பது என் முடிவு. அப்படியென்றால் மிச்சம் யார்? தெருப்பக்கத்து அறையில் கடை வைக்க ஆசைப்பட்ட ஆள். பதினொரு மணிக்கு டீ குடிக்க வீட்டுக்கு வருகிற ஆள்.

அன்று மத்தியானம் பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்து, சோறு போட்டுக்கொண்டே விசாரணையை ஆரம்பித்தேன். காலையில் வீட்டுக்கு வந்தீர்களா? எத்தனை மணிக்கு? வந்து என்ன செய்தீர்கள்? போனைக் கொடுங்கள், பார்க்கிறேன். அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். மனுஷர் போனை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதில் என் ஐடி இல்லை. எந்த ஐடியும் ஒழுங்காக இல்லை. கடைக்கு வருகிறவர்கள் அனுப்பிய இன்ஜின் படங்கள்தான் நிறைந்து கிடந்தன.

"உம்மாவை நான் வெளிய அனுப்பிருவேன்னு நீயும் நெனச்சியா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. மிச்சச் சோற்றைத் தலை குனிந்தபடி சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அவர் தெருமுனை திரும்பும் முன்னால் என் பாஸ்வேர்டை மாற்றினேன். எல்லாக் கருவியில் இருந்தும் என் ஐடியை வெளியேற்று என்று ஒரு பொத்தான் இருந்தது, அதையும் அழுத்தினேன். இனி எந்தச் சைத்தான் வருகிறான், பார்க்கலாம்.

வியாழக்கிழமை முழுவதும் பத்தி அசையாமல் இருந்தது. எனக்கு வெற்றி வெற்றி என்று ஒரே குஷி.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கு விடுமுறை. என் வீட்டுக்காரர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு போனும் கையுமாக வந்து நின்றாள்.

"புள்ள, இது நேத்துலருந்து என்னமோ கேக்குது. தம்பி எழுதுறது தொறக்க மாட்டேங்குது. என்னான்னு பாரு" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். மீண்டும் உள்நுழையவும் என்று இருந்தது. அதற்குக் கீழே என் இமெயில் ஐடி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. உம்மாவுக்கு அந்தப் போன் வந்த அன்று, புதிதாக ஐடி உண்டாக்கச் சோம்பல்பட்டு, என்னுடையதையே போட்டுக் கொடுத்தது நான்தான். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இப்படித்தான். வீட்டுக்கு ஒரு ஐடி, அது எல்லாப் போனிலும். பள்ளியில் அடுத்தவர் என் மௌஸைத் தொட்டால் துடைத்து வைக்கிறவள், வீட்டில் என் சாவியை உம்மா கையில் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறேன்.

தம்பி தாளில் ஏதாவது குறிப்பு எழுதும்போதெல்லாம் உம்மாவின் போனிலும் மணி அடித்து அவன் பெயர் வந்திருக்கிறது. மகன் பெயர் வந்தால் எந்தத் தாய் தொடாமல் இருப்பாள்? தொட்டிருக்கிறாள், தாள் திறந்திருக்கிறது. தினமும் வீட்டு வேலை முடிந்து, நான் பள்ளியில் இருக்கிற பதினொரு மணி வாக்கில், முதலில் இருந்து கடைசி வரைக்கும் படித்திருக்கிறாள்.

"உம்மா, இதுல ஏழாவதா இருந்ததை நீங்களா அழிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா, நான்தான். விரலை வச்சு அழுத்திப் புடிச்சா நீலமாகுதுல்ல, வாட்ஸ்அப்புல அழிக்கிற மாதிரி. எத்தன தடவதான் அழிக்கிறது? மறுநா பாத்தா திரும்ப வந்து உக்காந்துருக்குது. போன்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, ஒருத்தி அழிப்பதும் இன்னொருத்தி வைப்பதுமாக ஒன்பது நாள் ஓட்டியிருக்கிறோம். இதற்காகத் தம்பியைப் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, "கோளாறு இல்ல உம்மா. நான்தான் திரும்பத் திரும்ப வச்சேன்" என்றேன்.

உம்மா சிரிக்கவில்லை.

"நீயா?"

ஆமாம் என்றேன். உம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் கையில் இருந்த போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"தம்பி எழுதுனான். அவன் தூரத்துல இருக்கான், என்னத்தையோ நெனச்சுப் பயப்படுறான்னு விட்டேன். நீ பாத்தா ஆத்திரப்பட்டு எடுத்துருவேன்னு இருந்தேன். நீ எடுக்கல. சரி, தம்பி மனசு நோகும்னு நீ விட்டுட்டே, நாமளே எடுத்துருவோம்னு எடுத்தேன். நீதான் வச்சியா அத?"

"உங்களுக்கு நல்லதுக்குத்தானே உம்மா அது?" என்றேன்.

சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். உம்மாவுக்காக அந்தப் பத்தியை நான் ஒரு தடவைகூட மீட்கவில்லை. என் பெயர் கெட்டுவிடக்கூடாது, தம்பி முன்னால் நான் யோக்கியமாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் நாள் தேதியெல்லாம் போட்டுக் காபந்து பண்ணினேன். அந்தப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே முதல் நாளுக்குப் பிறகு நான் படிக்கவில்லை.

உம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "என் உம்மா குடுத்த வீடு இது. நான் ஒனக்குக் குடுக்குறேன். அதுல நான் இருக்கலாம்னு நீங்க ரெண்டு பேரும் எனக்கு எழுதித் தாரீக. நான் வெளிய போற நாளை நெனச்சுப் பாக்காம இத எழுத முடியாது புள்ள. அவன் நெனச்சுப் பாத்திருக்கான். நீயும் நெனச்சுப் பாத்திருக்கே."

நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முந்தாநாள் சோற்றுத் தட்டின் முன்னால் என் வீட்டுக்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டது எல்லாம் ஞாபகம் வந்தது. நினைக்காமலா அவரைக் கேட்டேன்? வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதேன்.

தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். முதலில் நான்தான் பேசினேன். உன் மேல் சந்தேகப்பட்டது தப்பு, அழித்தது உம்மா, என் ஐடி அவர்கள் போனில் இருந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் "அல்லாவே" என்று சிரித்தான். நானும் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது லாத்தா என்றான். எங்களுக்குள் இருந்தது அந்த நிமிஷமே கரைந்துவிட்டது. இரண்டு பேரும் பழையபடி ஒருத்தர் பேச்சின் நடுவில் ஒருத்தர் பேச ஆரம்பித்துவிட்டோம். அப்போது உம்மா குனிந்து போனிடம், அதை எதற்காக எழுதினாய் என்று கேட்டாள்.

"ஒரு சேஃப்டிக்குத்தான் உம்மா" என்றான் தம்பி.

"யாருகிட்டருந்து?" என்றாள் உம்மா.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உம்மா, சாப்பிட்டாயா தம்பி என்று கேட்டுப் போனை வைத்தாள்.

அன்றைக்கே அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். உம்மாவிடம் காட்டினேன். இனி வராதுல்ல என்று கேட்டாள். வராது என்றேன். ஆனால் பழைய நிலைகள் எல்லாம் உள்ளே இருக்குமா என்று அடுத்த கேள்வி கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை, திறந்து காட்டினேன். தேதி வாரியாக வரிசையாக இருந்தது. தம்பி எழுதியது, அவள் அழித்தது, நான் வைத்தது, அவள் அழித்தது, நான் வைத்தது. நான் வைத்த பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். 'ஏழு இருக்கிறது, செவ்வாய் மாலை'. 'ஏழு இருக்கிறது, புதன் காலை'. முழுத் தாளையும் அழித்துவிடட்டுமா, குப்பைத் தொட்டியில் இருந்தும் எடுத்துவிடுகிறேன், எதுவுமே மிஞ்சாது என்றேன். உனக்கு எப்படித் தோணுதோ செய் என்று எழுந்து போய்விட்டாள். அழித்தேன். என் வேலையில் முதன்முறையாக, பிரதி எடுத்து வைக்காமல் ஒரு ஃபைலை அழித்தேன்.

தம்பி பெருநாளுக்கு வந்தான். கணவாய்க் கருவாட்டைத் தின்று தீர்த்தான். என் வீட்டுக்காரரும் அவனும் பைக்கில் தோப்பைப் பார்க்கப் போய்வந்தார்கள். அவரிடம் நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன், விடு என்றார். அவர் அதற்குப் பிறகு தெருப்பக்கத்து அறைக்குள் போவதில்லை. விசிறி ரிப்பேர் என்றால்கூட ஆளை அனுப்புகிறார். பதிவுக்குப் போகலாமா என்று தம்பி ஒரு நாள் பேச்சை எடுத்தான். உம்மா அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்துக்கொண்டே, இப்ப என்ன அவசரம், என் பேருலயே கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றாள். நாங்கள் இருவரும் அவசரமில்லை, அவசரமில்லை என்று ஒரே நேரத்தில் சொன்னோம். வீடு இன்றைக்கும் உம்மா பெயரில்தான் இருக்கிறது.

போன வாரம் கேஸ் இணைப்புக்கு ஏதோ புதுப் படிவம் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். உம்மா பெயரில் உள்ள இணைப்பு. இந்த மாதிரி எத்தனையோ படிவம் வந்திருக்கிறது. நான் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைப்பேன், உம்மா அந்த விரல் பக்கத்தில் பெயரை எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். என்ன படிவம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கும் அப்படியே பேனாவைத் திறந்து நீட்டி, விரலை வைத்தேன்.

உம்மா பேனாவை வாங்கவில்லை. "அங்கன வை புள்ள, நான் படிச்சுட்டுப் போடுறேன்" என்றாள்.

படிவத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பக்கம், பொடி எழுத்து. முதல் வரியில் இருந்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள், பின்பக்கம் திருப்பி அதையும் படித்தாள். நான் திறந்த பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன்.